வாசகர் கேள்விகள்: பழி ஓரிடம், வேலையிழப்பு வேறிடம்

பிரான்ஸ் நாட்டு வீடியோ கேம் நிறுவனமான யூபிசாஃப்ட் 2026 ஜனவரி 21 அன்று வெளியிட்ட நட்ட, ஸ்டூடியோ மூடல் அறிவிப்பைப் பற்றிய கடிதங்களே இம்முறை மிகுதி. அவற்றில் பாதிக்கு மேல் மகிழ்ச்சிக் கடிதங்கள் என்பதை மறைப்பதற்கில்லை. ஒரே பொருளைப் பற்றி இவ்வளவு பேர் எழுதியிருப்பதால் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே தருகிறேன்.

கேள்வி: செய்தி வந்த அன்று எங்கள் விடுதியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். "இவர்களுக்கு இது வேண்டும்" என்று மீம் போட்டவர்களில் நானும் ஒருவன். ஒரே ஒரு நண்பன் மட்டும், "வேலை இழந்தவர்களை நினைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டான். பேச்சு முற்றிச் சண்டையாகிவிட்டது. யார் பக்கம் நியாயம், ஐயா?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: உங்கள் விடுதியில் நடந்த சண்டை அன்று உலகெங்கும் கேமர்களுக்கிடையே நடந்தது. நடந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீம்களில் அது பாதிதான் வந்தது. உருவாக்கத்தில் இருந்த ஆறு கேம்களைக் கைவிடுவதாகவும், வேறு சிலவற்றைத் தள்ளிவைப்பதாகவும், கனடாவின் ஹாலிஃபாக்ஸ், சுவீடனின் ஸ்டாக்ஹோம் ஆகிய நகரங்களில் இருந்த ஸ்டூடியோக்களை மூடிவிட்டதாகவும், எஞ்சியவற்றை ஐந்து பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பு தரப்போவதாகவும், அந்த நிதியாண்டில் சுமார் 100 கோடி யூரோ, அதாவது பத்தாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல், இயக்க நட்டம் வரும் என்று எதிர்பார்ப்பதாகவும் நிறுவனம் அறிவித்தது. மறுநாள் பாரிஸ் பங்குச் சந்தையில் அதன் பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. 2018இல் 100 யூரோவைத் தாண்டியிருந்த பங்கு அது. 2022இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்த நிறுவனத்தில் 2025 மார்ச்சிலேயே பதினெட்டாயிரத்துக்கும் குறைவானவர்களே இருந்தார்கள். ஆக, ஆட்குறைப்பு அந்த ஜனவரியில் தொடங்கியதன்று, அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

உங்களுக்குக் கோபப்படக் காரணம் உண்டு. அதைப் பற்றிக் கீழே வேறொரு வாசகருக்கு விரிவாகவே எழுதியிருக்கிறேன். ஆனால் நீங்கள் ஓங்கிய கை யார் மேல் விழுந்தது என்பதைப் பார்த்தவர் உங்கள் நண்பர். ஹாலிஃபாக்ஸில் வேலை இழந்த 71 பேர் கைபேசிக்கான கேம்களைச் செய்துகொண்டிருந்தவர்கள். உங்களை வருத்திய முடிவு எதையும் அவர்கள் எடுத்ததில்லை. சில வாரங்களுக்கு முன்புதான் அவர்கள் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்திருந்தார்கள். மூடுவதற்கும் சங்கத்துக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் சொன்னது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். பேரன் சொல்லித்தான் இந்த நிறுவனத்தின் பெயரே தெரியும். இலட்சக்கணக்கில் பிரதிகள் விற்கும் நிறுவனம் ஒரே ஆண்டில் 100 கோடி யூரோவை எப்படித் தொலைக்க முடியும்? யாராவது கையாடல் செய்தார்களா?
(மதுரை)

பதில்: கையாடல் ஏதும் இல்லை. வங்கியில் இருந்தவர் என்பதால் உங்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு பெரிய கேமை உருவாக்கச் சில நூறு பேர் நான்கைந்து ஆண்டுகள் உழைக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தை நிறுவனம் உடனே செலவாக எழுதிவிடுவதில்லை. கட்டி முடியாத வீட்டில் போட்ட செங்கல்லையும் சிமென்டையும் சொத்தாகக் காட்டுவதுபோல, உருவாகிக்கொண்டிருக்கும் கேமுக்கு ஆன செலவை ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) சொத்தாகவே வைத்திருக்கிறது. கேம் விற்பனைக்கு வந்த பிறகு, வரவு வர வர, அந்தச் சொத்தைத் தேய்மானமாகக் கழித்துக்கொண்டே வரும். கேமை நடுவில் கைவிட்டாலோ, எதிர்பார்த்த அளவு விற்காது என்று தெரிந்துவிட்டாலோ, சுவரை இடித்த கதைதான். அதுவரை சொத்தாக இருந்தது முழுவதும் ஒரே காலாண்டில் நட்டமாக மாறிவிடும். 2026இல் அறிவிக்கப்பட்ட 100 கோடியில் சுமார் 65 கோடி யூரோ இப்படி ஒரே தடவையாக எழுதிக் கழித்த தொகைதான். அந்தப் பணம் அந்த ஆண்டில் காணாமற்போனதன்று. பல ஆண்டுகளாகச் சம்பளமாகப் போய்விட்ட பணம் அந்த ஆண்டில் கணக்குக்கு வந்தது, அவ்வளவே.

இதற்கு முன்னோட்டம் 2023 ஜனவரியிலேயே வந்துவிட்டது. அறிவிக்கப்படாத மூன்று கேம்களைக் கைவிட்ட நிறுவனம் சுமார் 50 கோடி யூரோவை இதே முறையில் கழித்தது. அந்த நிதியாண்டு 49.4 கோடி யூரோ நிகர நட்டத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டில் இலாபம் வந்தது. 2024–25இல் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து மீண்டும் நட்டம்.

கணக்கு இப்படி என்றால், அதன் பின்னால் இருக்கும் நோய் காலதாமதம். ஸ்கல் அண்ட் போன்ஸ் என்ற கடற்கொள்ளையர் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் வந்த அசாசின்ஸ் கிரீட் தொடரின் பிளாக் ஃப்ளாக்கில் கப்பற்போர் பலருக்குப் பிடித்துப்போனதால், அதையே தனி கேமாக்கலாம் என்று சிங்கப்பூர் ஸ்டூடியோவில் தொடங்கினார்கள். 2017இல் அறிவித்தார்கள். ஒத்திவைத்தார்கள், மாற்றினார்கள், மீண்டும் ஒத்திவைத்தார்கள். 2024 பிப்ரவரியில் அது வெளிவந்தபோது விலை 70 டாலர். இவ்வளவு விலை ஏன் என்று கேட்டவர்களுக்கு, இது நான்கு 'ஏ' தரத்துக் கேம் என்று தலைமைச் செயல் அதிகாரி ஈவ் கியூமோ பதில் சொன்னார். துறையில் மிகப் பெரிய கேம்களை மூன்று 'ஏ' என்பது வழக்கம். நான்காவது 'ஏ' அன்றுமுதல் இன்றுவரை நகைச்சுவைப் பொருளாகவே இருக்கிறது. அத்தனை ஆண்டுச் சம்பளத்தை ஈடுகட்ட எத்தனை இலட்சம் பிரதிகள் விற்க வேண்டும் என்பதை உங்கள் பேரனைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். விடுமுறைக்கு நல்ல வேலை.

கேள்வி: நான் மகிழ்கிறேன், அதை ஒளிக்கவும் இல்லை. தி க்ரூ என்ற கார்ப் பந்தய கேமைச் சொந்தக் காசில் வாங்கினேன். 2024இல் சர்வரை நிறுத்தி அதை என் கணினியிலிருந்தே இல்லாமல் செய்துவிட்டார்கள். "கேம் உங்களுக்குச் சொந்தமில்லை என்பதற்குப் பழகிக்கொள்ளுங்கள்" என்று அவர்கள் அதிகாரியே சொன்னார். அப்படிப்பட்டவர்களின் கடை மூடினால் நான் ஏன் அழ வேண்டும்?
(மென்பொருள் பணியாளர், சென்னை)

பதில்: அழ வேண்டாம். உங்கள் மனக்குறையில் பெரும்பகுதி உண்மை என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். தி க்ரூ 2014 டிசம்பரில் வெளிவந்தது. தனியாக ஓட்டினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பு இருந்தால்தான் அது இயங்கும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தி, 2024 மார்ச் 31 அன்று சர்வரையும் நிறுத்தினார்கள். இணைப்பு இல்லாமல் ஓட்ட வழி செய்துதரவில்லை. போதாக்குறைக்கு, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே நீக்கத் தொடங்கினார்கள். பெட்டியில் வைத்து விற்ற வட்டும் கையில் வெறும் தட்டாகிப்போனது. இரும்புக் கடையில் வாங்கிய சுத்தியலைப் பத்தாண்டு கழித்துக் கடைக்காரர் வந்து எடுத்துப்போனால் நாம் என்ன செய்வோமோ, அதைத்தான் கேமர்களும் செய்தார்கள்: ஊரைக் கூட்டினார்கள். கேம்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்னும் பொருள்படும் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தை யூடியூபரான ராஸ் ஸ்காட் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்திடம் கொடுக்கும் குடிமக்கள் முறையீட்டுக்கு 2025 ஜூலையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். கலிஃபோர்னியாவில் வழக்கும் தொடுக்கப்பட்டது. அம்மாநிலம் 2024 செப்டம்பரில் ஒரு சட்டமும் இயற்றியது: வாடிக்கையாளருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்றால், அதை 'வாங்குங்கள்' என்று வெறுமனே சொல்லி விற்கக் கூடாது, உண்மையைத் தெளிவாகக் காட்ட வேண்டும். இத்தனைக்கும் பிறகு, தி க்ரூ 2 என்ற அடுத்த கேமுக்கு இணைப்பில்லாமல் ஓட்டும் வசதியை யூபிசாஃப்ட் செய்து கொடுத்தது. உங்களைப் போன்றவர்களின் சத்தத்தால் கிடைத்தது அது. பங்கு விலை சரிந்ததால் கிடைத்ததன்று என்பதைக் கவனியுங்கள்.

அந்த அதிகாரியின் பேச்சை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் அதைச் சொன்னவர் நிறுவனத்தின் சந்தாப் பிரிவு இயக்குநர். மாதச் சந்தாவில் கேம் ஆடும் முறை பரவலாக வேண்டுமானால் என்ன நடக்க வேண்டும் என்று ஒரு பேட்டியில் கேட்டதற்கு, குறுந்தகடும் டிவிடியும் வாங்கிச் சேர்த்தவர்கள் சொந்தமில்லாமல் பாட்டும் படமும் பார்க்கப் பழகியதுபோலக் கேமர்களும் பழக வேண்டியிருக்கும் என்றார். உங்களுக்கு இட்ட கட்டளையன்று அது. தங்கள் வியாபாரம் வளர எது தடை என்பதை ஒரு விற்பனையாளர் ஒப்புக்கொண்ட பேச்சு. ஆனால் அது வெளிவந்து மூன்று மாதத்துக்குள் அதே நிறுவனம் தி க்ரூவை நிறுத்தியதும் இரண்டும் ஒட்டிக்கொண்டன. இனிப் பிரிக்க முடியாது. இதில் நான் அவர்களுக்காக வருந்தவும் போவதில்லை.

எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு ஒரே இடத்தில்தான். சர்வரை நிறுத்துவது, உரிமத்தை நீக்குவது போன்ற முடிவுகள் தலைமையகத்தில் எடுக்கப்படுகின்றன. தி க்ரூவை உருவாக்கிய லியோன் நகர ஸ்டூடியோவில் மலைப்பாதையையும் மழையையும் வரைந்தவர் உங்கள் கேமை அழிக்கவில்லை. அவருடைய பத்தாண்டு வேலையும் அன்று உங்கள் கணினியோடு சேர்ந்துதான் மறைந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் இங்கே நடக்கிறது. முடிவெடுத்தவர் மேல் உங்களுக்கு இருக்கும் கோபத்துக்கு விலை கொடுப்பவர் வேறொருவராக இருக்கிறார்.

கேள்வி: ஜப்பானியக் கதையில் கறுப்பினச் சாமுராயை நாயகனாக்கி அரசியல் பேசியதால்தான் நிறுவனம் திவாலாகிறது என்கிறார்களே, உண்மையா?
(சேலம்)

பதில்: இல்லை. அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ் பற்றிக் கேட்கிறீர்கள். அதில் வரும் யாசுகே கற்பனைப் பாத்திரமல்லர், பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானியப் போர்த் தலைவர் ஓடா நொபுனாகாவிடம் பணிபுரிந்த ஆப்பிரிக்கர். அவர் எந்த அளவுக்குச் சாமுராய் என்பதில் வரலாற்று அறிஞர்கள் வாதிடலாம், நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்கு அதில் வேலை இல்லை. இரண்டு முறை ஒத்திவைக்கப்பட்டு 2025 மார்ச் 20 அன்று வெளியான அந்தக் கேமை ஒரு வாரத்தில் 30 இலட்சம் பேர் ஆடினார்கள். 50 கோடி யூரோவைக் கழித்த 2023 ஜனவரியில் யாசுகேயைப் பற்றி யாருக்கும் தெரியாது. அப்போது நிறுவனம் தானே சொன்ன காரணங்களில், நிண்டெண்டோவுக்காகச் செய்த மரியோ கேமும் ஜஸ்ட் டான்ஸ் என்ற நடன கேமும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை என்பதும் ஒன்று. அந்தப் பட்டியலில் எந்த அரசியலைத் தேடுவது?

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வந்து புனேயில் வேலை பார்க்கிறேன். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் மறுஉருவாக்கம் கைவிடப்பட்டதும், "இந்தியாவில் கொடுத்தால் இப்படித்தான்" என்று நம்மவர்களே எழுதியதைப் பார்த்து மனம் நொந்தேன். உண்மையில் தவறு யாருடையது?
(புனே)

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பகுதியை எழுதத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம். 2003இல் யூபிசாஃப்டின் மாண்ட்ரியால் ஸ்டூடியோ செய்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம், காலத்தைப் பின்னோக்கி நகர்த்தும் அந்தக் கட்டாரியால் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டது. (மாம்பலத்துப் பிரௌசிங் சென்டர் ஒன்றில் மணிக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து ஆடியவன் நான், ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.) அதன் மறுஉருவாக்கத்தை முன்னின்று செய்யும் பொறுப்பை புனே, மும்பை ஸ்டூடியோக்களுக்குக் கொடுத்து, 2020 செப்டம்பரில் டிரெய்லரை வெளியிட்டார்கள். பல ஆண்டுகளாக வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்குத் துணை வேலை செய்துவந்தவர்களுக்கு ஒரு புகழ்பெற்ற கேம் முழுமையாகக் கையில் வந்த தருணம் அது.

டிரெய்லர் நன்றாக இல்லை. முகங்கள் மரப்பாச்சி போலவும் வெளிச்சம் தட்டையாகவும் இருந்தன, சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் விமர்சனம் முகத்தோடும் வெளிச்சத்தோடும் நிற்காமல், செய்தவர்கள் எந்த நாட்டவர் என்பதற்குப் போயிற்று. 2021 ஜனவரியில் வெளியாக வேண்டிய கேமை மார்ச்சுக்கு மாற்றி, பிறகு தேதியே இல்லாமல் ஒத்திவைத்தார்கள். 2022 மே மாதம் வேலை மொத்தத்தையும் மாண்ட்ரியாலுக்கு மாற்றினார்கள். அன்றே சிலர், "பார்த்தீர்களா, மூலவரிடமே திரும்பிப் போய்விட்டது" என்று எழுதினார்கள். மூலத்தைச் செய்த ஸ்டூடியோ, இந்நிறுவனத்தின் மிகப் பெரிய ஸ்டூடியோ, மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல் அதைக் கையில் வைத்திருந்தது. அப்படியும் கேம் வரவில்லை. 2026 ஜனவரியில் கைவிடப்பட்ட ஆறில் அதுவும் ஒன்று. புனேயின் திறமைக் குறைவால்தான் கேம் கெட்டது என்று இனி யாராவது சொன்னால், மாண்ட்ரியாலில் அது ஏன் முடியவில்லை என்று மட்டும் கேளுங்கள்.

இதே பிரின்ஸுக்கு 2024 ஜனவரியில் வேறொரு கதை நடந்தது. பிரான்சின் மான்ட்பெலியே ஸ்டூடியோவின் சிறிய குழு ஒன்று தி லாஸ்ட் கிரௌன் என்ற பக்கவாட்டு ஓட்டக் கேமைக் கொண்டுவந்தது. விமர்சகர்கள் ஒரே குரலில் புகழ்ந்தார்கள். விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் குழுவைக் கலைத்து வெவ்வேறு வேலைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். மோசமான டிரெய்லர் தந்தவர்களிடமிருந்து கேம் பறிபோனது, நல்ல கேம் தந்தவர்களின் குழுவே கலைந்துபோனது. இதிலிருந்து ஒரு இளைஞர் என்ன பாடம் படிப்பார் என்று எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. கேம் உருவாக்கம்தான் படிப்பேன் என்கிறான். இந்தச் செய்திகளைப் பார்த்த பிறகு பயமாக இருக்கிறது. அனுமதிக்கலாமா?
(இல்லத்தரசி, ஈரோடு)

பதில்: அனுமதியுங்கள் அம்மா, ஆனால் 'கேம் படிப்பு' என்று பெயர் வைத்த படிப்பாக இல்லாமல், கணினி அறிவியலோ நுண்கலையோ அனிமேஷனோ, எதில் அவனுக்குக் கை வருகிறதோ அதில் அடிப்படையாகப் படிக்கட்டும். கேம் துறை ஆட்களைக் கழிக்கும்போது நிரலாளர் வேறு துறைக்குப் போக முடியும். குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் உள்மென்பொருளை மட்டும் பழகியவர் திண்டாடுவார். படிக்கும்போதே சிறிதாக ஒரு கேமை முழுமையாக முடித்து வெளியிடச் சொல்லுங்கள். முடிப்பது எவ்வளவு கடினம் என்பது அப்போது தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் ஆசை இருந்தால் யாராலும் தடுக்க முடியாது.

கேள்வி: வாங்காமல் புறக்கணித்தால் தொழிலாளர்கள் பாதிக்கப்படுகிறார்கள், வாங்கினால் நிர்வாகம் திருந்தாது. என்னதான் செய்வது?
(திருச்சிராப்பள்ளி)

பதில்: பிடிக்காத பொருளை வாங்காமல் இருப்பது உங்கள் உரிமை, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. தொழிலாளரைக் காப்பதற்காக நீங்கள் ஒரு சுமாரான கேமை 70 டாலர் கொடுத்து வாங்க வேண்டும் என்று அந்தத் தொழிலாளரே கேட்கமாட்டார். 2024 ஆகஸ்டில் வந்த ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ் போதிய அளவு விற்காதபோது, கேமர்கள் வாங்க மறுத்ததன் விளைவு உடனே தெரிந்தது: ஷேடோஸைத் தள்ளிவைத்துச் செப்பனிட்டார்கள், 2019இல் விட்டுப்போன ஸ்டீம் என்ற இணையக் கடையில் முதல்நாளிலேயே விற்பதாகவும் அறிவித்தார்கள். புறக்கணிப்புக்குப் பலன் உண்டு.

ஆனால் வாங்காமல் இருப்பதும், வேலை போனவரின் பதிவுக்குக் கீழே போய்ச் சிரிப்பதும் ஒன்றல்ல. 2024 டிசம்பரில் எக்ஸ்டிஃபையன்ட் என்ற இலவசச் சுடும் கேமை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அது வெளிவந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. சான் பிரான்சிஸ்கோ, ஒசாகா ஸ்டூடியோக்கள் மூடப்பட்டன, சிட்னியில் வேலை குறைக்கப்பட்டது, 277 பேர் வெளியேறினார்கள். இலவச கேம் என்பதால் அன்றும் சிரித்தவர்களில் பெரும்பாலானவர்கள் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்கமாட்டார்கள். அவர்கள் எந்த ஏமாற்றத்துக்குப் பழிவாங்கினார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கேள்வி: இந்த ஒரு நிறுவனம் மட்டும்தானா? மற்றவர்கள் யோக்கியமா?
(தூத்துக்குடி)

பதில்: ஆக்டிவிஷன் பிளிஸார்டை 6,900 கோடி டாலருக்கு வாங்கிமுடித்த மூன்று மாதத்தில், 2024 ஜனவரியில், மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. அடுத்த மாதம் சோனி பிளேஸ்டேஷனில் சுமார் 900 பேர். பழைய உதாரணமும் உண்டு: எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2009 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 100 கோடி டாலருக்கும் மேல் நட்டம் கண்டது. அந்த நவம்பரில் 1,500 பேரை நீக்கப்போவதாகச் சொன்ன அதே நாளில், பேஸ்புக் கேம்களைச் செய்த பிளேஃபிஷ் நிறுவனத்தை வாங்குவதாகவும் அறிவித்தது. இன்னும் சில ஆண்டுகளில் பிளேஃபிஷும் இல்லாமற்போயிற்று.

கேள்வி: இவ்வளவு நட்டத்துக்குப் பிறகு மேலே இருப்பவர்கள் யாராவது பதவி விலகினார்களா?
(வழக்கறிஞர், கோயம்புத்தூர்)

பதில்: 1986இல் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் ஐந்து கியூமோ சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் இது. தலைமையில் அன்றும் ஈவ் கியூமோ, ஜனவரி அறிவிப்பை வெளியிட்டபோதும் ஈவ் கியூமோ. விவெண்டி நிறுவனம் கைப்பற்ற வந்தபோது 2018இல் அதைத் துரத்தியடித்தது இந்தக் குடும்பத்தின் பெரிய வெற்றி. அதற்கு உதவியாக உள்ளே வந்தது சீனத்தின் டென்சென்ட். 2025 மார்ச்சில் அசாசின்ஸ் கிரீட், ஃபார் க்ரை, ரெயின்போ சிக்ஸ் ஆகிய மூன்று பெரிய தொடர்களையும் ஒரு துணை நிறுவனத்தில் வைத்து, அதன் கால் பங்கை 116 கோடி யூரோவுக்கு டென்சென்ட்டிடம் விற்க ஒப்பந்தம் செய்தார்கள். அந்த விற்பனையில் துணை நிறுவனத்துக்குப் போட்ட மதிப்பு சுமார் 400 கோடி யூரோ. தாய் நிறுவனம் முழுவதன் பங்குச் சந்தை மதிப்பு அப்போது அதில் பாதிகூட இல்லை. பிள்ளையின் விலை தாயின் விலையைப்போல் இருமடங்கு! அந்தத் துணை நிறுவனத்தின் இரு தலைவர்களில் ஒருவர் ஈவ் கியூமோவின் மகன் சார்லி.

2023 ஜனவரியில் நட்டத்தை அறிவித்த கையோடு, ஈவ் கியூமோ ஊழியர்களுக்கு எழுதிய மின்னஞ்சலில், கேம்களை உரிய நேரத்தில் உரிய தரத்தில் கொண்டுவருவதற்கான பந்து இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது என்று குறிப்பிட்டார். எந்தக் கேமைத் தொடங்குவது, எதைக் கைவிடுவது, எதற்கு எத்தனை ஆண்டு கொடுப்பது என்பதில் ஒரு சொல்லும் சொல்ல இயலாதவர்களுக்கு அந்த வரி எப்படிப் பட்டிருக்கும்? பாரிஸ் ஸ்டூடியோவில் தொழிற்சங்கம் ஜனவரி 27 அன்று வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. அவர் ஊழியர்களிடம் மன்னிப்புக் கேட்டார். நீங்கள் கேட்ட பதவி விலகலுக்கு மிக அருகில் வந்தது அதுதான்.

கேள்வி: மறுஉருவாக்கம் இனி வராது என்று தெரிந்துவிட்டது. பழைய சாண்ட்ஸ் ஆஃப் டைமையாவது இன்று ஆட முடியுமா? என் மகளுக்குக் காட்ட வேண்டும்.
(தஞ்சாவூர்)

பதில்: முடியும். ஸ்டீமிலும் கிடைக்கிறது, ஜிஓஜி என்ற கடையிலும் கிடைக்கிறது. இரண்டாவதில் வாங்கினால் நிறுவல் கோப்பைத் தரவிறக்கி உங்கள் வன்தட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆடுவதற்கு எந்தச் சர்வரும் வேண்டியதில்லை. தள்ளுபடிக் காலத்தில் விலை ஒரு தோசையின் விலைக்கு வந்துவிடும். புதிய கணினிகளில் திரை அளவில் சின்னச் சிக்கல் வரலாம். இளவரசன் சுவரில் ஓடத் தொடங்கிய பிறகு மகள் அதைக் கவனிக்கமாட்டாள்.